பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின்: ஏற்றிய பிறகு வரும் கோளாறுகளும் பார்க்க வேண்டிய இடங்களும்

பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் பழைய மஹிந்திரா பெட்ரோல் ஜீப் இன்னும் நிறைய நிற்கிறது. தேங்காய் ஏற்ற, பால் கேன் எடுத்துப்போக, மழைக்காலத்தில் சேற்றுத் தடத்தில் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) போக அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. ஆனால் பானட்டைத் தூக்கினால் உள்ளே டீசல் இன்ஜின்தான் இருக்கும். பெட்ரோல் குடித்த குடிக்குக் கட்டுப்படியாகாமல் எப்போதோ மாற்றியிருப்பார்கள்.

அப்படிப்பட்ட வண்டிகள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வரும். வரும்போதே "ஏனுங்க, இன்ஜின் போயிருச்சுங்களா?" என்ற கேள்வியோடு வரும். நான் பார்த்தவரை இன்ஜின் போயிருப்பது அபூர்வம். ஏற்றிய இன்ஜின் பழைய வண்டியைத் தொடுகிற இடங்கள் சில உண்டு: டீசல் குழாய், எர்த் ஒயர், ரேடியேட்டர், பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு), மவுண்டிங், மீட்டர். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதனால் ஹெட்டைக் கழற்றும் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வது 2112 சி.சி., 2498 சி.சி. பெஜோ இன்ஜின்களை மனதில் வைத்து. இரண்டுக்கும் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யுமுன் உள்ளே சூடேற்றுவது) உண்டு. மஹிந்திரா டி.ஐ. இன்ஜின் ஏற்றியிருந்தால் ஹீட்டர் பற்றிய பத்தியைத் தாண்டிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கும் பொருந்தும். கையில் வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், ஸ்பேனர் செட், உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி ஹோஸ் ஒரு மீட்டர், 5 லிட்டர் கேன்.

சாவியை அணைத்தும் இன்ஜின் நிற்கவில்லை

மற்றக் கோளாறுகளில் வண்டி நின்றுபோகும். இதில் நிற்காது. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

*அமைதியாக ஐடிலில் ஓடிக்கொண்டே இருக்கிறது.* பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறியை வெட்டினால் போதும். டீசலுக்கு எண்ணெயை வெட்ட வேண்டும். பானட்டைத் திறந்து, பம்பில் (டீசலை அழுத்தி சிலிண்டர்களுக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பு) உள்ள ஸ்டாப் லீவரைக் கையால் தள்ளுங்கள். நின்றுவிட்டால் ஸ்டாப் கேபிள் தளர்ந்திருக்கிறது அல்லது அதன் கிளாம்ப் நழுவியிருக்கிறது. பத்து நிமிட வேலை.

கேபிளுக்குப் பதில் ஸ்டாப் சோலனாய்டு (மின்சாரம் இருக்கும்வரை டீசலைத் திறந்து வைக்கும் வால்வு) இருந்தால் அதன் ஒயரைப் பிடுங்குங்கள். இன்ஜின் நின்றால் சோலனாய்டில் குறை இல்லை, ஒயரிங்கில் இருக்கிறது. சாவியை அணைத்த பிறகும் டைனமோவிலிருந்து சார்ஜ் விளக்கு வழியாக மின்சாரம் திரும்பி வந்து சோலனாய்டைப் பிடித்து வைத்திருக்கும். சார்ஜ் விளக்கு ஒயரில் ஒரு டயோடு போட்டால் தீரும். டயோடை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். ஒயரைப் பிடுங்கியும் நிற்கவில்லை, லீவரைத் தள்ளியும் நிற்கவில்லை என்றால் கோளாறு பம்புக்குள். பம்பு பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

*தானாக வேகம் ஏறிக் கதறுகிறது.* இதில் யோசிக்க நேரம் கிடையாது. வண்டியில் உட்கார்ந்திருந்தால் டாப் கியரைப் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டுவிடுங்கள், திணறி நிற்கும். வெளியே இருந்தால் காற்று இழுக்கும் வாயைக் கனமான பலகையால் அடையுங்கள். கையை வைக்காதீர்கள். துணியும் வேண்டாம், உள்ளே இழுத்துவிடும்.

நின்ற பிறகு ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடியிருக்கிறது. ஏற்றும்போது இன்ஜினின் சாய்வு மாறியிருந்தால் குச்சி காட்டும் அளவும் மாறிவிடும். குச்சிப்படி ஊற்றினால் ஆயில் அதிகமாகிவிடும். சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை) முழுதும் வடித்து, இன்ஜினுக்குச் சொன்ன அளவை அளந்து ஊற்றி, குச்சியில் புதிதாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குச்சியை முகர்ந்தால் டீசல் வாடை வருகிறதா? அப்படியானால் பீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்பு) டயாபிரமோ இன்ஜெக்ஷன் பம்பு சீலோ கிழிந்து டீசல் ஆயிலில் கலக்கிறது. அதைச் சரிசெய்து ஆயிலை மாற்றாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஸ்டார்ட் ஆகவில்லை

செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது என்று காதால் கேளுங்கள். வழி அங்கேயே மூன்றாகப் பிரிகிறது.

*செல்ஃப் முக்கி முக்கிச் சுற்றுகிறது.* பழைய ஜீப் பெட்ரோல் இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 7 சொச்சம்; பெஜோ டீசலில் 20-க்கு மேல். பெட்ரோலுக்குப் போட்ட பேட்டரியும் ஒயரும் இதற்குப் பற்றாது. யாராவது செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியை சார்ஜ் செய்து பாருங்கள், பிறகு மாற்றுங்கள். விழாமல் நின்றால் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

இந்த எர்த் சமாச்சாரத்தால் வீணான காசுக்குக் கணக்கே இல்லை. கோபியிலிருந்து ஒரு ஜீப் வந்தது. இரண்டு முறை செல்ஃப் மோட்டார் மாற்றியாகிவிட்டது, பேட்டரியும் புதிது. "ஆக்சிலேட்டர் கேபிள் மட்டும் கையில சுடுதுங்க" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பழைய எர்த் பட்டையைத் திரும்ப மாட்டவே இல்லை. செல்ஃப் மோட்டாரின் மொத்தக் கரண்டும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிப் போயிருக்கிறது. பெயின்ட்டைச் சுரண்டி, பேட்டரி மைனஸிலிருந்து நேராக பிளாக்குக்கு ஒரு தடித்த கேபிள், அங்கிருந்து சேஸுக்கு ஒரு பட்டை. அவ்வளவுதான்.

எர்த்தும் பேட்டரியும் சரி, ஆனாலும் முக்குகிறது என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கலாம்.

*நன்றாகச் சுற்றுகிறது, சைலன்ஸரில் புகையே இல்லை.* டீசல் போகவில்லை. ஸ்டாப் லீவர் நிறுத்தும் நிலையிலேயே மாட்டிக்கொண்டதா பாருங்கள். சோலனாய்டுக்கு மின்சாரம் வருகிறதா பாருங்கள், அதுவும் செல்ஃப் சுற்றும் அந்த நொடியில். பழைய இக்னிஷன் காயில் ஒயரை அப்படியே சோலனாய்டுக்குக் கொடுத்திருப்பார்கள். சில சாவிப் பூட்டுகளில் செல்ஃப் சுற்றும்போது அந்த ஒயரில் மின்சாரம் துண்டாகிவிடும். சாவி ஆன் நிலையில் டெஸ்ட் லேம்ப் எரியும். செல்ஃப் அடித்தால் அணையும். அப்படியென்றால் வேறு இடத்திலிருந்து ஒயர் எடுக்க வேண்டும்.

இரண்டும் சரியென்றால் ஒரு நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பது) வரும் பைப்பின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடியுங்கள். டீசல் குமிழி இல்லாமல் துடித்துத் துடித்து வர வேண்டும். வரவில்லை, அல்லது நுரையாக வருகிறது என்றால் ஏர் பிடித்திருக்கிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிரஷரில் இருக்கும் நாசில் பைப்பை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி முனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, ஆனால் கை போகும் விஷயம். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். பட்டுவிட்டால் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

*நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது.* டீசல் போகிறது, எரியவில்லை. மார்கழிக் காலையில் மட்டும் இப்படி, மதியம் ஒரே செல்ஃபில் எடுக்கிறது என்றால் ஹீட்டர்தான். நான்கு ஹீட்டர்களையும் இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, முனையை ஒவ்வொரு ஹீட்டர் தலையிலும் தொடுங்கள். விளக்கு எரிந்தால் உயிர் இருக்கிறது, எரியாதது செத்தது. நான்கும் உயிரோடு இருந்தும் எடுக்கவில்லையென்றால் பட்டையைத் திரும்ப மாட்டி, ஹீட்டர் போட்ட நிலையில் அதில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். 11-க்குக் கீழே இருந்தால் மின்சாரம் வழியிலேயே தொலைகிறது. நான்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைப் பழைய சாவிப் பூட்டின் வழியாகக் கொண்டுபோனால் பூட்டுதான் சூடாகும். தனி ரிலேயும் தடித்த ஒயரும் போடுங்கள்.

ஹீட்டர் எரியவில்லை என்று பெட்ரோல் நனைத்த துணியை ஏர் பில்டர் வாயில் காட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. சூடான ஹீட்டர் உள்ள இன்ஜினில் அது ரிங்கையும் பிஸ்டனையும் உடைத்துவிடும்.

ஹீட்டர் சரி, மதியமும் எடுக்கவில்லை என்றால் பம்பு டைமிங், நாசில், கம்ப்ரஷன் என்று போகிறது. இனி அளவுக் கருவி உள்ள பட்டறையின் வேலை.

மேட்டில் இழுவை குறைந்து நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது

இன்ஜின் மாற்றிய ஜீப்புகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 ஊசி வளைவு. ஆனைமலைக்காரர் ஒருவரின் ஜீப் ஒவ்வொரு முறையும் ஒன்பதாவது வளைவுப் பக்கம் போய் நின்றுவிடும். பிளாஸ்க்கில் இருக்கும் டீயைக் குடித்து முடித்தால் மறுபடி ஓடும். வேறொரு இடத்தில் பம்பைக் கழற்றி மாட்டி, நாலு நாசிலும் மாற்றியிருந்தார்கள். அப்புறமும் ஒன்பதாவது வளைவு.

"நிக்கும்போது டேங்க் மூடியத் தொறந்து பார்த்தீங்களாங்க?" என்று கேட்டேன். "அதெதுக்குங்க தொறக்கோணும்?" என்றார். அடுத்த முறை திறந்தபோது புஸ்ஸென்று காற்று உள்ளே போயிருக்கிறது. மூடியில் காற்றுத் துளை அடைத்துக்கொண்டிருந்தது. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் விழுந்து, பீட் பம்பால் இழுக்க முடியவில்லை. டீ குடிக்கும் நேரத்தில் காற்று மெல்ல உள்ளே நுழைந்து சரியாகிவிடும்.

ஆகவே முதல் சோதனை டேங்க் மூடி. திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள்.

மூடி இல்லையென்றால் கேன் சோதனை. 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, இன்ஜினைவிட உயரத்தில் அசையாமல் கட்டி, அதிலிருந்து நேராக பீட் பம்புக்கு ஒரு ஹோஸ் கொடுங்கள். ரிட்டர்ன் பைப்பையும் அதே கேனில் விடுங்கள். சூடான சைலன்ஸர் குழாயின் பக்கம் கேனைக் கொண்டுபோகாதீர்கள். நிற்கிற அதே மேட்டில் ஏற்றுங்கள்.

*கேனில் நன்றாக ஓடுகிறது.* அப்படியானால் இன்ஜின், பம்பு, நாசில் எல்லாம் குற்றமற்றவை. கோளாறு டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவே. அந்தத் தூரத்தை இப்படித் தேடுங்கள்.

டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவே பில்டர் இருந்தால் முதலில் அதைக் கழற்றி வெட்டிப் பாருங்கள். பல வருடம் பெட்ரோல் இருந்த டேங்கில் அடியில் பிசினும் துருவும் படிந்திருக்கும். டீசல் அதைக் கரைத்துக் கழுவிக் கொண்டுவந்து பில்டரில் அடைக்கும். இன்ஜின் ஏற்றிய புதிதில் 500 கிலோமீட்டரில் ஒரு பில்டர், இன்னொரு 500-ல் மற்றொன்று என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். மூன்றாவதும் கறுப்பாக வந்தால் டேங்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும்.

பில்டர் சுத்தமென்றால் பீட் பம்புக்கு முன்னால் குழாயை வெட்டி, கண்ணாடி ஹோஸை நடுவில் மாட்டி இன்ஜினை ஓட்டுங்கள். உள்ளே குமிழி ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. இதில் பலர் ஏமாறுவது ஏனென்றால், இழுக்கும் பக்கத்துக் கசிவில் டீசல் வெளியே சொட்டாது. கீழே ஈரமே இருக்காது. காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் இதே கசிவால்தான், ராத்திரியில் குழாயில் இருந்த டீசல் டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. கிளிப்புகள், பான்ஜோ வாஷர்கள், பீட் பம்பின் கைப்பிடி, டேங்குக்குள் போகும் குழாயின் பற்றவைப்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெட்ரோலுக்குப் போட்ட பழைய ரப்பர் ஹோஸை யோசிக்காமல் வெட்டி எறியலாம்.

குமிழி மேட்டில் மட்டும், அதுவும் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் வருகிறதா? இந்த ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். மேடேறும்போது டீசல் பின்பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் குழாய் குட்டையாகவோ முன்பக்கமாகவோ இருந்தால் காற்றைத்தான் குடிக்கும். குழாயை நீட்ட வேண்டும். பெட்ரோல் இருந்த டேங்கில் வெல்டிங் வைக்கும் வேலையை வீட்டில் யாரும் செய்யாதீர்கள். காலி டேங்கும் வெடிக்கும்.

குமிழி இல்லை, ஆனாலும் சூடானபின் இழுவை குறைகிறது என்றால் ரிட்டர்ன் பைப் எங்கே போகிறது என்று கையால் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். பெட்ரோல் ஜீப்பில் டேங்குக்கு ஒரே குழாய்தான். டீசலுக்கு மிச்சம் திரும்பி வர இன்னொன்று வேண்டும். சோம்பேறித்தனமாக ஒரு T வடிவ இணைப்பைப் போட்டு ரிட்டர்னை இழுக்கும் குழாயிலேயே சேர்த்துவிட்டால், சூடான டீசலும் காற்றும் சுற்றிச் சுற்றி பம்புக்கே வரும். டேங்க் வரைக்கும் தனிக் குழாய் இழுங்கள். அதோடு இழுக்கும் குழாய் 6 மி.மீ. என்றால் 8 மி.மீ.க்கு மாற்றுங்கள்.

*கேனிலும் நிற்கிறது.* பீட் பம்பின் உள் சல்லடையைக் கழுவி, அதற்கு அடுத்துள்ள பில்டரையும் கழற்றிப் பாருங்கள். ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு பம்பும் நாசிலும் பெஞ்சில் ஏறித்தான் தீர வேண்டும். பம்பில் சீல் வைத்த திருகைத் திருப்பி "இழுவை கூட்டித் தருகிறேன்" என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். புகையும் சூடும்தான் கூடும்.

எதைக் கழற்றி மாட்டினாலும் ஏர் எடுக்க வேண்டும். பில்டர் மேல் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கையால் பம்ப் அடித்து, இறுக்குங்கள். அடுத்து பம்பின் திருகில் அதேபோல். கடைசியாக நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாக, செல்ஃப் அடித்து.

சூடேறுகிறது

முதலில் உண்மையிலேயே சூடேறுகிறதா? பழைய மீட்டரும் புது இன்ஜினின் சென்சாரும் ஜோடி இல்லையென்றால் முள் சும்மாவே சிவப்புக்குப் போகும். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தெர்மாமீட்டரை விட்டு, ஐடிலில் ஓட்டி மீட்டரோடு ஒப்பிடுங்கள். தெர்மாமீட்டர் 80 டிகிரி காட்டும்போது முள் கடைசியில் நின்றால் சென்சாரை மட்டும் மாற்றினால் போதும். இதற்காக ஹெட்டைப் பிரித்த வண்டியும் வந்திருக்கிறது.

*நின்றால் சூடேறுகிறது, ஓடினால் தணிகிறது.* காற்று போதவில்லை. பெல்ட்டைப் பாருங்கள். ஒரு நாளிதழ்த் தாளை ரேடியேட்டருக்கு முன்னால் விடுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். கீழே விழுந்தால் ஃபேன் திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது ஃபேன் ரேடியேட்டருக்கு நடுவில் இல்லை. டீசல் இன்ஜினின் ஃபேன் பெட்ரோலின் இடத்தில் வந்து நிற்காது. ஒரு மூலையை மட்டும் குளிர்விக்கும். தகரத்தில் ஒரு கூடு அடித்து ஃபேனைச் சுற்றி மாட்டினால் பாதிப் பிரச்சினை போய்விடும். கூடு இல்லாமல் பெரிய ஃபேனாக மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

*ஊருக்குள் சரி, மேட்டிலும் நெடுஞ்சாலையிலும் சூடேறுகிறது.* தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ஆக்சிலேட்டரைக் கொடுத்துக்கொண்டு கீழ் ஹோஸைப் பாருங்கள். சப்பையாக ஒட்டினால் உள்ளே ஸ்பிரிங் வைத்த ஹோஸ் வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு ரேடியேட்டர் முழுதும் உள்ளங்கையைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சூடே இல்லாத பட்டை இருந்தால் அங்கே அடைப்பு. தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பாருங்கள். கழற்றி எறிந்துவிடுவது தீர்வாகாது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கத்துப் போர்த் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய இன்ஜினுக்குள் சுண்ணாம்பு பூத்திருக்கும். டீக்கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிவது பிளாக்குக்குள்ளும் படியும். சிறுவாணித் தண்ணீரே கிடைத்தாலும் கூலன்ட் கலக்காமல் ஊற்ற வேண்டாம். அடைத்த ரேடியேட்டரைக் கட்டுபவரிடம் கொடுக்கும்போது ஒரு வரிசை டியூப் கூட்டிக் கட்ட இடமிருக்கிறதா என்று கேளுங்கள்.

*ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்திலேயே தண்ணீரைக் கக்குகிறது.* இரண்டில் ஒன்று. ரேடியேட்டரின் மேல் டேங்கைவிட இன்ஜின் ஹெட் உயரமாக உட்கார்ந்திருந்தால் ஹெட்டுக்குள் காற்று தங்கிவிடும். வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி மெதுவாக ஊற்றிப் பாருங்கள். அதில் சரியானால் உயரத்தில் ஒரு சின்ன டேங்க் வைத்துவிடுங்கள். சரியாகவில்லை, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி கொப்பளிக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட். இனி மெக்கானிக்கின் வேலை. ஹெட்டை இறக்கினால் விரிசல் சோதனை செய்யாமல் திரும்ப மாட்ட விடாதீர்கள்.

புகை

கறுப்பு: ஏர் பில்டர், நாசில், பம்பு என்ற வரிசையில். நீலம்: ஆயில் எரிகிறது, முதலில் ஆயில் அளவு, பிறகுதான் ரிங்கும் வால்வு சீலும். சூடான பிறகும் வெள்ளை வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் மேலே சொன்ன ஹெட் கேஸ்கெட்.

கிளட்சை மிதித்தும் கியர் கரகரக்கிறது

ஒருவர் கிளட்சை மிதிக்க, நீங்கள் கீழே படுத்து லீவர் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். சேஸில் வைத்த பிராக்கெட் வளைகிறதா? இன்ஜின் ரப்பரில் ஆடும், சேஸ் ஆடாது. நடுவில் இருக்கும் கம்பி பாதி அசைவைத் தின்றுவிடும். பிராக்கெட்டைப் பலப்படுத்தி, பெடலில் ஒரு அங்குலம் பிளே வைத்துப் பாருங்கள்.

அதற்கும் சரியாகாமல், முழுதாக மிதித்தபோதும் வண்டி முன்னால் ஊர்கிறது என்றால் பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் சாப்ட்டின் மூக்கைத் தாங்குவது) இறுகியிருக்கலாம், அல்லது கியர்பாக்ஸ் சாப்ட்டின் மூக்கு நீளமாகி கிராங்கில் முட்டலாம். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கிய கையோடு பெல் ஹவுசிங்கும் அடாப்டர் பிளேட்டும் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தகடு) கிராங்குக்கு நேர்மையத்தில் இருக்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முழுச் சுற்றில் முள்ளின் ஆட்டம் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் மோட்டாரும் பம்புசெட்டும் கடைந்து பழகிய லேத்துப் பட்டறைகளுக்கு இது பெரிய வேலை இல்லை. கண்ணளவில் துளை போட்ட அடாப்டர் பிளேட்தான் மாதம் ஒரு பேரிங்கைத் தின்னும். மேட்டில் கியர் தானாக நழுவுவதும் அதனால்தான்.

கிளட்ச் வழுக்குகிறது என்றால் பெடலில் பிளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, பிளேட்டில் ஆயில் படுகிறதா. கடைசியில், பெட்ரோலுக்கான சின்ன பிளேட்டையே போட்டிருக்கிறார்களா.

அதிர்வும் டங் சத்தமும்

ஐடிலில் மட்டும் அதிர்ந்தால் நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள், முன்பு சொன்ன எச்சரிக்கையோடு. எதைத் தளர்த்தினால் இன்ஜின் ஓட்டம் மாறவே இல்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. நான்குமே வேலை செய்தால் மவுண்டிங் ரப்பர் கல்லாக இருக்கிறது. லாரி ரப்பரை வெட்டிப் போட்டிருப்பார்கள்.

குறிப்பிட்ட வேகத்தில் அதிர்ந்தால் அந்த வேகத்தில் நியூட்ரலில் உருட்டிப் பாருங்கள், சமதளத்தில், காலியான ரோட்டில். அதிர்வு போகவில்லையென்றால் ஜாயின்ட் சாப்ட் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆக்சிலைச் சுற்றும் தண்டு) அல்லது வீல். இன்ஜின் நீளத்துக்காக கியர்பாக்ஸைப் பின்னால் தள்ளியிருந்தால் சாப்ட்டை வெட்டி ஒட்டியிருப்பார்கள்; இரு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா பாருங்கள்.

குழியில் விழும்போது டங் என்றால் ஆயில் சம்ப் முன் ஆக்சிலில் முட்டுகிறது. டீசல் இன்ஜினின் கனத்தில் முன் பட்டை (இலை ஸ்பிரிங்) இறங்கியிருக்கும். உறுதி செய்ய, ஆக்சில் மேல் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை வைத்து ஒரு குழியில் இறக்கி ஏற்றுங்கள். அப்பளமாகத் தட்டையாகியிருந்தால் முன் பட்டையில் ஒரு இலை கூட்டுங்கள். சம்ப் ஓட்டையான பிறகு பார்த்தால் இன்ஜினே போய்விடும்.

60-க்கு மேல் இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை

இது கோளாறே இல்லை, கணக்கு. பழைய ஜீப்பின் ஆக்சில் விகிதம், அதாவது சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்ற ஜாயின்ட் சாப்ட் சுற்ற வேண்டிய எண்ணிக்கை, பெரும்பாலும் 5.38. 6.00-16 டயரோடு நேர் டாப்பில் இன்ஜின் 3000 சுற்றுச் சுற்றினால் வண்டி 75 கிலோமீட்டர்தான் போகும். 4.88 ஆக்சிலில் அதே சுற்றுக்கு 83.

உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொள்ள: முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். நியூட்ரல், டூ வீல் டிரைவ். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் ஜாயின்ட் சாப்ட்டைத்தான் பிடிக்கும். அதை விடுவிக்காவிட்டால் எதுவும் சுற்றாது. மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, ஜாயின்ட் சாப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஐந்தே கால் தாண்டினால் 5.38, ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88.

மாற்ற நினைத்தால் முன் ஆக்சிலையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் ஃபோர் வீல் போட்டதும் ட்ரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். கிரவுன் பினியன் செட்டிங் அனுபவப்பட்ட கையின் வேலை. தோட்டத்து வேலைக்கு 5.38-ஐ அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன்.

எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனையில்) திருப்பி அனுப்பிவிட்டார்கள்

பட்டறையில் சரிசெய்ய முடியாதது இது ஒன்றுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே சொன்னது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருந்து உள்ளே டீசல் ஓடினால், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போதும் அது எழும். வாங்கும் வண்டியென்றால் பிளாக்கில் குத்தியிருக்கும் இன்ஜின் எண்ணை டார்ச் அடித்துப் படித்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்ட பிறகு முன்பணம் கொடுங்கள். இனிமேல்தான் மாற்றப்போகிறீர்கள் என்றால், இன்ஜின் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.